வாட்சன் மீடியத்திடம் போனால்? ஏழாம் அத்தியாயத்தில் கை நிற்கிறது

பனிமூட்டம் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று மாதமாக ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு அத்தியாயம் தங்குதடையில்லாமல் ஓடிவிட்டது. ஏழாவதில் கை நின்றுபோனது. இங்கே கேட்டால் வழி பிறக்கும் என்று வந்தேன்.

கதை நடப்பது 1893 குளிர்காலத்தில். ஹோம்ஸ் ரைகன்பாக் அருவியில் விழுந்து இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்புகிற காலம். ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனின் மனைவி மேரியும் இறந்துவிட்டாள். வாட்சன் லண்டனில் தனி ஆள். அவரிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு விதவை வற்புறுத்தி, இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு மீடியத்திடம் அழைத்துப் போகிறார். வியாழக்கிழமைதோறும் ஆவி அமர்வு. வாட்சன் போவது மேரிக்காக. ஆனால் மூன்றாவது வியாழன், அவர் கேட்காமலேயே, அந்த மீடியம் அம்மாளின் வாயிலிருந்து ஹோம்ஸ் பேசுகிறார். "வருந்தாதீர்கள் வாட்சன், எனக்கு வலிக்கவில்லை." வாட்சன் மயங்கி விழுகிறார். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவுதான் விடியும்வரை தூங்குகிறார்.

சிக்கல் இனிமேல்தான். 1894 வசந்தத்தில் ஹோம்ஸ் உயிரோடு வந்து நிற்பார். உயிரோடு இருக்கிறவரின் ஆவி எப்படிப் பேசியது? ஹோம்ஸ் பேசியது பொய் என்றால் மேரி பேசியதும் பொய்தானே! நண்பன் திரும்பி வந்த அதே மணிநேரத்தில் வாட்சன் மனைவியை இரண்டாம் தடவை இழக்கிறார். இதைத் தொடாமல் கடந்து போக மனசு வரவில்லை. ஹோம்ஸ் அந்த மீடியத்தை அம்பலப்படுத்த வேண்டுமா? முதலில், வாட்சன் இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்வாரா?

---

221பி_வாசகன்

அருமையான முடிச்சு. ஆனால் முதலில் ஒரு திருத்தம், இல்லாவிட்டால் மூலக்கதை படித்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வாட்சனை மயங்க விடாதீர்கள். 'தி எம்ப்டி ஹவுஸ்' கதையில், புத்தக வியாபாரி வேஷத்தைக் கலைத்து ஹோம்ஸ் நிற்கும்போது வாட்சன் மயங்கி விழுவார். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மயங்கியது அப்போதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கால வரிசை சரிதான். அருவி 1891 மே 4. திரும்பி வருவது 1894 ஏப்ரல். நடுவில் மேரி இறந்ததற்கு மூலக்கதையில் எவ்வளவு இடம் தெரியுமா? அரை வரி. வாட்சனுக்கு நேர்ந்த இழப்பை ஹோம்ஸ் எப்படியோ அறிந்திருந்தார், அனுதாபத்தை வார்த்தையைவிட நடந்துகொண்ட விதத்தில் காட்டினார் என்று மட்டும் வரும். மேரி என்ற பெயர்கூட அங்கே இல்லை. அதற்கு அடுத்து ஹோம்ஸ் சொல்லும் ஆறுதல், துயரத்துக்கு வேலைதான் சிறந்த மாற்றுமருந்து என்பது. உடனே அன்றிரவுக்கான வேலையை நீட்டிவிடுவார். நூறு வருஷத்துக்கு மேலாக ரசிகர்கள் அந்த அரை வரிக்குள்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள்.

1893ஐத் தேர்ந்தெடுத்தது தெரிந்தா, தற்செயலா? ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் தந்தை இறந்தது அந்த அக்டோபரில். மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது அந்த வருஷம். ஆவி விஷயங்களை ஆராயும் சங்கத்தில் டாயில் உறுப்பினர் ஆனது அந்த வருஷம். டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஹோம்ஸை அருவியில் தள்ளியதும் அதே வருஷம்தான்.

---

கறார்_கண்ணாடி

நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன், பனிமூட்டம். கோபிக்காதீர்கள்.

இந்த வகை ரசிகர் கதைகள் நிறையப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் மீடியம் ஒரு பாவப்பட்ட, கனிவான பெண். அவளிடம் ஏதோ 'நிஜமான வரம்' கொஞ்சம் இருக்கும். கடைசியில் ஹோம்ஸே தொப்பியைக் கழற்றுவார். எனக்கு இது ஒப்பவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்வது திருட்டு. பூட்டியிருக்கும் வீட்டில் திருடுவதைவிட மோசம், ஏனென்றால் இங்கே வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டுக் கண்ணீரோடு நிற்கிறார்.

தொழில் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1848இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்ட 'தட்டும் சத்தம்'தான் தொடக்கம். 1888இல் அவர்களில் மார்கரெட், அது கால்விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம் என்று மேடையேறிச் செய்து காட்டினார். அடுத்த வருஷம் அதை வாபஸ் வாங்கினார், அது வேறு கதை. பிற்பாடு வந்தவர்கள் வருகிறவர்களின் குடும்பத் தகவலைக் குறித்து வைத்து ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். மஸ்லின் துணியை வாயிலிருந்து இழுத்து ஆவியின் உடம்பு என்றார்கள். உங்கள் மீடியத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. வாட்சன் ஹோம்ஸின் கதைகளை அச்சில் வெளியிட்டவர். நண்பர் எந்த அருவியில் போனார் என்பது பத்திரிகை படித்த எவருக்கும் தெரியும்.

சட்டமும் இருந்தது. 1876இல் ஆவி பலகையில் எழுதுவதாகக் காட்டிய ஹென்றி ஸ்லேட் என்ற மீடியம் லண்டன் நீதிமன்றத்தில் நாடோடிகள் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றார், மேல்முறையீட்டில் சில சொற்கள் விடுபட்ட குறையால் தப்பினார். இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேடை அனுப்பிக் கதவைத் தட்டவைக்க முகாந்திரம் இருக்கிறது. ஹோம்ஸ் அவளைச் சும்மா விட்டால் அது ஹோம்ஸே இல்லை.

---

தாழம்பூ

கறார் சார் சொல்றது ஒவ்வொண்ணும் உண்மை. ஆனா அந்த அறைக்குள்ள உட்கார்ந்திருந்தவங்களோட பக்கமும் ஒண்ணு இருக்கு. நான் உட்கார்ந்திருக்கேன், அதான் சொல்றேன்.

எங்க அண்ணன் விபத்துல போயிட்டான். இருபத்திநாலு வயசு. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அவன் பேரை எடுக்கல. அம்மா ஆரம்பிச்சா அப்பா எழுந்து வெளிய போயிடுவார். சொந்தக்காரங்க, "அதையே நினைச்சுட்டு இருக்காதீங்க"ன்னு பேச்சை மாத்துவாங்க. அப்போ யாரோ சொல்லி, ஆவியோட பேசுறவங்கன்னு ஒரு அம்மாகிட்ட எங்க அம்மா போக ஆரம்பிச்சாங்க. துணைக்கு நான்.

அண்ணனோட கைக்கடிகாரத்தை ஒரு தட்டுல வைக்கச் சொன்னாங்க. அது நின்னு போன கடிகாரம். அந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டு, "இவன் எந்தக் கையால எழுதுவான்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான். எங்க அம்மா பேச ஆரம்பிச்சாங்க. இடது கை, எழுதினதை எல்லாம் அதே கையால தேய்ச்சுத் தேய்ச்சு மை பூசிடுவான், பள்ளிக்கூடத்துல அடி வாங்குவான், சுண்டுவிரல் ஓரம் எப்பவும் நீலமா இருக்கும்... ஒரு மணி நேரம். எனக்கே தெரியாத விஷயமெல்லாம். அம்மா சிரிச்சதை நான் பார்த்து அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு.

இப்போ யோசிச்சா தகவலைக் கறக்குற கேள்விதான் அது. அன்னைக்கே எனக்குச் சந்தேகம். திரும்பி வரும்போது கேட்டுட்டேன். அம்மா நடந்துகிட்டே சொன்னாங்க: "தெரியும்டி. அது அவன் இல்லைன்னு தெரியும். இவளாவது அவனைப் பத்திக் கேக்குறாளே."

நல்லா முடியல. ஒவ்வொரு தடவையும் 'இன்னும் ஒண்ணு சொல்ல நினைக்கிறான், அடுத்த வாரம் வாங்க'. வளையல் ஒண்ணு காணாமப் போனப்போதான் அப்பாவுக்குத் தெரிஞ்சுது. நான் பயந்துட்டேன், கத்துவார்னு. கத்தல. அம்மா எதிர்ல உட்கார்ந்து, "என்ன சொன்னான்?"னு கேட்டார். அம்மா அதுக்குப் பதில் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் விடிய விடிய அவனைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் அம்மா அங்க போகல.

---

நடுநிசி_நூலகம்

தாழம்பூ அக்கா எழுதியதற்குப் பிறகு இலக்கிய வரலாறு பேசுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பனிமூட்டத்துக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

துப்பறியும் கதை மீடியத்தை எப்போதும் கருவியாகத்தான் வைத்திருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் 1929இல் எழுதிய பத்து விதிகளில், அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது இரண்டாவது. அடுத்த வருஷமே டோரதி சேயர்ஸின் 'ஸ்ட்ராங் பாய்ஸன்' வருகிறது. அதில் மிஸ் கிளிம்ப்சன் தானே மீடியம் வேஷம் போட்டு, ஆவி நம்பிக்கை உள்ள ஒரு நர்ஸை ஏமாற்றி உயிலைக் கண்டுபிடிப்பார். பக்தியுள்ள அம்மாள் அவர், செய்கிற காரியம் அவர் மனசாட்சியை உறுத்தும். எனக்கு அந்த உறுத்தல்தான் நாவலிலேயே பிடித்த இடம். 1931இல் அகதா கிறிஸ்டியின் 'தி சிட்டாஃபோர்ட் மிஸ்டரி', மேஜை ஆடி ஒரு மரணத்தை அறிவிப்பதில் தொடங்கும். இரண்டிலும் அமர்வு என்பது ஒரு தடயம், ஒரு பூட்டு. அந்த மேஜையைச் சுற்றி யாராவது உண்மையிலேயே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன என்று மூலக்கதைகள் அதிகம் நின்று பார்த்ததில்லை. ரசிகர் கதைக்கு அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

டாயில் பற்றி ஒரு தவறான பேச்சு உண்டு, மகன் இறந்த துக்கத்தில்தான் ஆவி நம்பிக்கைக்குப் போனார் என்று. அவர் பகிரங்கமாக அறிவித்தது 1916இல். மகன் கிங்ஸ்லி, முதல் உலகப் போரின் சோம் சண்டையில் பட்ட காயத்துக்குப் பிறகு, காய்ச்சலும் நிமோனியாவும் கண்டு இறந்தது 1918 அக்டோபரில். தம்பி இன்னஸ் 1919 பிப்ரவரியில். நம்பிக்கை முன்னால் வந்தது, துக்கம் அதில் வந்து குடியேறியது. அப்படிப்பட்டவர் 1926இல் புத்தகமாக வந்த 'தி லேண்ட் ஆஃப் மிஸ்ட்' நாவலில் தன் இன்னொரு பாத்திரமான பேராசிரியர் சாலஞ்சரை மதம் மாற்றுவதுபோல் மாற்றிவிட்டார். ஹோம்ஸை மட்டும் தொடவில்லை. 1924இல் வந்த 'சஸெக்ஸ் வேம்பயர்' கதையில், எங்கள் அலுவலகத்தின் கால் தரையில்தான் நிற்கிறது, ஆவிகள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஹோம்ஸையே பேசவைத்தார். தான் உயிராக நம்பியதை மறுக்கும் உரிமையைத் தன் பாத்திரத்துக்கு விட்டுக்கொடுத்தவர் என்ற வகையில் எனக்கு டாயில் மேல் பெரிய மரியாதை.

---

பனிமூட்டம்

எல்லோருக்கும் நன்றி. தாழம்பூ அக்கா, உங்கள் அம்மா நடந்துகொண்டே சொன்ன அந்த வரியை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மயக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதினேன், பாருங்கள்:

"விளக்கைத் தணித்தார்கள். வட்டமாக எல்லோரும் கை கோத்தோம். அந்த அம்மாளின் இடது கை என் பிடியில் இருந்தது. இருபது வருடப் பழக்கம், என் விரல் தானாக நகர்ந்து அவள் மணிக்கட்டில் நாடியைத் தேடியது. எழுபத்தி இரண்டு. சீரான ஓட்டம். மயக்க நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். சிறிது நேரம் கழித்து நாடி துள்ளியது. தொண்ணூறு, நூறு. மேடையேறப் போகிறவனின் நாடி. அதற்கப்புறம்தான் குரல் வந்தது: 'வாட்சன்.' நான் கையை விடவில்லை. விட்டிருந்தால் குரல் நின்றுவிடும் என்று பயந்தேன்."

வாட்சன் மருத்துவர். அவருக்கு அன்றே தெரியும். தெரிந்தும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

---

புதுவாசகி

ஐயோ, அந்தக் கடைசி வரி. தொண்டை அடைச்சுடுச்சு. இதுக்கு மேல ஹோம்ஸ் வந்து 'அது ஏமாற்று வேலை'ன்னு விளக்கம் சொன்னா நான் அவரை மன்னிக்கவே மாட்டேன்.

---

கறார்_கண்ணாடி

நாடிக் காட்சி பிரமாதம். ஒரு சின்ன விஷயம்: இருட்டில் கடிகாரம் பார்க்காமல் எழுபத்தி இரண்டு என்று எண்ணிக்கை வராது. 'எழுபதுக்குக் கொஞ்சம் மேலே' என்று போடுங்கள்.

தாழம்பூ, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒருநாள் பதில் எழுதாமல் இருந்தேன். நான் சொன்னது திருடும் ஆளைப் பற்றி. உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதாகப் பட்டிருந்தால் வருந்துகிறேன்.

மீடியங்களை அம்பலப்படுத்திய மாயவித்தைக்காரர் ஹூடினியைச் சொல்லாமல் போனால் என் வாதம் முழுமையாகாது. அவரை வெறுப்பாளர் என்று நினைக்கிறவர்கள் அவருடைய தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1913 ஜூலையில் தாய் சிசிலியா இறந்தபோது அவர் கோபன்ஹேகனில் இருந்தார், தந்தியில் செய்தி வந்தது. பக்கத்தில் இல்லாத மகன். 1922 ஜூனில், அட்லாண்டிக் சிட்டியில், டாயிலின் மனைவி ஜீன் ஓர் அறையில் உட்கார்ந்து, அந்தத் தாய் எழுதுவதாகத் தாள் தாளாக எழுதித் தள்ளினார். பதினைந்து பக்கம். முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு சிலுவை. அந்தத் தாய் ஒரு யூத மதகுருவின் (ரபி) மனைவி. எழுத்து முழுக்க ஆங்கிலம், அவருக்கோ ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஜீன் காசு வாங்கவில்லை, ஏமாற்றும் எண்ணமும் இருந்திருக்காது. இருந்தும் அந்த மகனுக்கு எப்படி இருந்திருக்கும்? வேறு யாரோ ஒரு பெண்மணியின் அன்பை, அம்மாவின் அன்பு என்று கையில் திணித்தது மாதிரி. ஹூடினி, டாயில் இரண்டு பேரின் நட்பும் அதிலேதான் முறிந்தது.

பனிமூட்டம், என் பயம் இதுதான். ஆறுதல் பொய்யாக இருக்கும்போது, அது இறந்தவரின் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கிறது. வாட்சன் மனதில் இருக்கும் மேரி, வியாழனுக்கு வியாழன், அந்த அம்மாள் பேசும் மேரியாக மாறிக்கொண்டே போவாள். இதை எழுதுங்கள். இந்த நஷ்டத்தை எழுதாமல் நாடிக் காட்சியின் அழகை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

---

நடுநிசி_நூலகம்

கறார், அதற்கு மறுபக்கம் ஹூடினியின் மனைவி பெஸ். 1926 அக்டோபர் 31இல் ஹூடினி இறந்தார். பெஸ் பத்து வருஷம் காத்திருந்தார், வருஷா வருஷம் அமர்வு. கடைசி அமர்வு 1936இல், ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில். யாரும் பேசவில்லை. ஹூடினி படத்தருகே எரிந்துகொண்டிருந்த விளக்கை பெஸ் அணைத்துவிட்டார். பதில் வராததோடு பத்து வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு துக்கம் அது. வாட்சனுக்கு அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

---

221பி_வாசகன்

இரண்டு நாளாக மூலக்கதைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஏழாம் அத்தியாயத்துக்கான சாவி டாயிலே விட்டுவைத்திருப்பதாகத் தோன்றுகிறது.

'தி எம்ப்டி ஹவுஸ்' கதையில் ஹோம்ஸ் சொல்கிறார்: இந்த மூன்று வருஷத்தில் உங்களுக்கு எழுதப் பல தடவை பேனாவை எடுத்தேன், என் மேல் உள்ள பாசத்தில் நீங்கள் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டுக்குத் தெரியும். வாட்சனுக்குத் தெரியாது. சரி, உங்கள் கதையில் மீடியம் வாட்சனுக்கு என்ன சொன்னாள்? 'வருந்தாதீர்கள், எனக்கு வலிக்கவில்லை.' ஹோம்ஸ் எழுதாமல் விட்ட கடிதம் அதுதான்! அவர் எழுதியிருக்க வேண்டியதை, ஒரு அந்நியப் பெண் காசுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஆகவே அவளை அம்பலப்படுத்த ஹோம்ஸ் வாயைத் திறந்தால், முதல் சாட்சி அவருக்கே எதிராக நிற்கும்.

இன்னொன்று. 'நார்வுட் பில்டர்' கதையின் தொடக்கத்தில், வாட்சன் வைத்தியத் தொழிலை விற்றுவிட்டு பேக்கர் தெருவுக்கே திரும்பி வந்திருப்பார். வெர்னர் என்ற இளம் டாக்டர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். அவர் ஹோம்ஸின் தூரத்து உறவு, பணம் கொடுத்தது ஹோம்ஸ் என்பது சில வருஷம் கழித்துத்தான் வாட்சனுக்குத் தெரியும். ஹோம்ஸ் தரும் ஆறுதல் இந்த மாதிரி. வாயால் சொல்லமாட்டார். தனி வீட்டில் ஒற்றையாக உட்காராமல் பார்த்துக்கொள்வார்.

1927இல் வந்த 'வெய்ல்ட் லாட்ஜர்' ஞாபகம் இருக்கிறதா? சிங்கத்தால் முகம் சிதைந்த ஒரு பெண் தன் கதையைச் சொல்கிறாள். ஹோம்ஸ் அதில் எதையும் துப்பறிவதில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவள் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறாள் என்பதை மட்டும் கண்டுகொள்கிறார், தடுக்கிறார். டாயில் ஊர் ஊராக ஆவி நம்பிக்கையைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய கதை. அதில் ஒரு ஆவியும் வரவில்லை.

---

பனிமூட்டம்

எழுதாமல் விட்ட கடிதம். இது எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாம் அத்தியாயம் இப்போது இப்படி வருகிறது. ஹோம்ஸ் திரும்பி வந்து மூன்றாவது வாரம், ஒரு வியாழன். மாலை ஏழு மணிக்கு வாட்சன் பழக்கத்தில் தொப்பியை எடுக்கிறார், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். ஹோம்ஸ் பார்த்துவிடுகிறார். என்ன, எங்கே, எத்தனை வாரம் எல்லாம் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், அதை விரிவாக எழுதப் போவதில்லை. வாட்சனே சொல்கிறார். 'எனக்கு வலிக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள்' என்கிறார். ஹோம்ஸ் புகைக்குழாயைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தவர், அது விரல்வரை எரிந்து வரும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறார். தந்திரத்தை விளக்கவில்லை. 'வலித்தது' என்கிறார். திபெத்தில், தனியாக, எப்படி வலித்தது என்று முதல் தடவையாகச் சொல்கிறார்.

அப்புறம் கேட்கிறார்: 'மேரிக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்? எனக்குத் தெரியாது. நான் அவரை ஒரு வழக்காகத்தான் சந்தித்தேன்.' வாட்சன் பேச ஆரம்பிக்கிறார். அவர் மனதில் இருக்கும் மேரிக்கும் வியாழக்கிழமை மேரிக்கும் இடையில் எங்கே வித்தியாசம் என்று பேசப் பேச அவருக்கே தெரிகிறது. கறார் சொன்ன நஷ்டத்தை அங்கே எழுதுகிறேன். சில இடங்களில் வாட்சனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அந்த மீடியத்திடம் எட்டாம் அத்தியாயத்தில் வாட்சன் தனியாகப் போவார். ஹோம்ஸ் தெருமுனையில் நிற்பார், உள்ளே வரமாட்டார்.

---

கறார்_கண்ணாடி

தீக்குச்சி நன்றாக இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் அந்த விதவை என்ன ஆனாள் என்றும் சொல்லுங்கள், வாட்சனை அழைத்துப் போனவள். அவளுக்குத் திரும்பி வர ஒரு ஹோம்ஸ் இல்லை. அவள் இன்னும் அங்கே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாட்சன் அவளைக் கையோடு கூட்டி வரவேண்டும், அல்லது கூட்டி வர முடியாமல் திரும்ப வேண்டும்.

ஒரு கேள்வி. மேரி பேசியதாக அந்த அம்மாள் என்னதான் சொன்னாள்? ஏழு அத்தியாயத்திலும் அது எங்குமே வரவில்லையே?

---

பனிமூட்டம்

விதவையை மறந்தேபோனேன். கட்டாயம் எழுதுகிறேன். மேரி சொன்னதை இரண்டு தடவை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எழுத வேண்டுமா?

---

தாழம்பூ

வேண்டாம்மா. எங்க அப்பா அன்னைக்குக் கேட்டாரே, "என்ன சொன்னான்?"னு. அம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நானும் கேக்கல.